அறுபது ஹெர்ட்ஸ்

பகலில் நான் பல் செய்கிறவன்.
தண்டர் பே நகரத்துப் பாதி வாய்கள்
என் மேசையைக் கடந்துபோய்த்தான் சிரிக்கின்றன.
கடைவாய்ப் பல்லைத் தேய்க்கும் அதே அரத்தைச்
சாயங்காலம் சட்டைப்பையில் போட்டு வருகிறேன்.
கிட்டார் கழுத்தின் ஃப்ரெட்டுகளும் பல்வரிசைதான்;
ஒன்று தூக்கி நின்றாலும் பேச்சு குழறும்.

நிலவறையில் இருப்பவை ஏழு என்று
இர்மெலியிடம் சொல்லியிருக்கிறேன்.
ஒன்பது.
எட்டாவது, ஹாக்கிப் பைக்குள்
மட்டையோடு மட்டையாய்ப் படுத்திருக்கிறது.
ஒன்பதாவது, பக்கத்து வீட்டு லொரெயினின் கராஜில்
துடுப்புகளுக்குப் பின்னால்.
வாடகை, மாதம் ஒரு ஜாடி வினிகர் மீன்.

கறுப்பு, கெனோராவில் சண்டையிட்டுப் பிரிந்த
கல்யாண இசைக்குழு ஒன்றின் கடனுக்கு ஈடாக வந்தது.
பன்னிரண்டு தந்திக்காரிக்குச் சுருதி சேர்ப்பதற்குள்
வாசிக்கும் ஆசையே வடிந்துவிடும்.
சிவப்பைத் தொடுவதில்லை.
அதற்கு என்னைவிட நன்றாக வாசிக்கத் தெரியும்,
எனக்குக் கூச்சம்.
மற்றவற்றைப் பற்றி இன்னொரு நாள்.

ஆம்ப்ளிஃபயர் நாலு. மூன்று ஒழுங்கானவை.
நாலாவதை நிப்பிகனில்
மூடிக்கிடந்த பௌலிங் அரங்கிலிருந்து தூக்கி வந்தேன்,
முகத்துணியில் யாரோ சிகரெட் அணைத்த ஓட்டையோடு.
வால்வுகள் சூடேற ஒரு நிமிடம்.
தூசி கருகும் வாசனை,
ஆரஞ்சு வெளிச்சம்,
பிறகு அந்த ரீங்காரம்.
அறுபது ஹெர்ட்ஸ்.
இந்தக் கண்டத்துச் சுவர்களுக்குள் ஓடும் மின்சாரத்தின் சொந்தக் குரல்,
பி-ஃப்ளாட்டுக்கும் பி-க்கும் நடுவே
எந்தக் கட்டையிலும் உட்காராத ஒரு ஸ்வரம்.
மின்தேக்கி மாற்றினேன். தரைக்கம்பி மாற்றினேன்.
திட்டினேன். கெஞ்சினேன்.
ஒரு ஜனவரி ராத்திரி தோற்றுப்போய்
பழுப்பு கிட்டாரை அதற்கே சுருதி சேர்த்தேன்.
அன்றிலிருந்து அது பழுதில்லை,
பக்கவாத்தியம்.

பத்து மணிக்கு மேல் அதற்குள் ஒரு பெண் வருவாள்.
டாக்ஸிக் கம்பெனிக்காரி, முகம் தெரியாது.
"பதினாலு, ஆர்தர் தெரு, சக்கர நாற்காலி,
பதினாலு, கேக்குதா?"
வாசிப்பை நிறுத்திக் காத்திருப்பேன்.
பதினாலு எப்போதும் தாமதம்தான்.
சில நாள் நானே
"இதோ வந்துட்டேன்" என்று சொல்லியிருக்கிறேன்,
ஒலிபெருக்கியைப் பார்த்து.

மார்ச்சில் உறைமழை.
தெருக் கம்பிகள் கண்ணாடிக் குழாய்களாய்த் தொங்கின.
பதினொன்றே காலுக்குக் கரண்ட் போனது.
வால்வுகள் ஆறும் சத்தம், டிக், டிக்,
அப்புறம் அதுவும் இல்லை.
இருட்டில் பழுப்பை மீட்டிப் பார்த்தேன்.
எதனோடும் சேராமல்
தனியே நின்றது அந்தச் சுருதி.

மேலே நாற்காலி நகர்ந்தது.
படிக்கட்டின் உச்சியில் டார்ச்.
"என்ன ஆச்சு?"
"கரண்ட் போச்சு."
"அது தெரியுது. உனக்கு என்ன ஆச்சு?"

பத்தொன்பது வருஷமாய் அந்த ரீங்காரம்
சமையலறைத் தரை வழியே ஏறி
அவள் உள்ளங்காலுக்கு வந்துகொண்டிருந்ததாம்.
அது நின்றதும்
நான் நின்றுவிட்டேன் என்று நினைத்தாளாம்.

செருப்பில்லாமல் இறங்கி வந்தாள்.
டார்ச் சுவரோரம் போனது,
கறுப்பு, சிவப்பு, பன்னிரண்டு தந்தி...
ஏழில் முடிந்திருக்க வேண்டும்.
ஹாக்கிப் பையின் மேல் வந்து
கொஞ்சம் நின்றது.

"லொரெயின் வீட்டுல இருக்கறத நாளைக்கே எடுத்துட்டு வா.
அங்க ஹீட்டர் கிடையாது,
மரம் வெடிச்சிடும்.
எனக்கு அந்த மீன் ஜாடியெல்லாம் திரும்ப வேணும்."

கரண்ட் எப்போது வந்ததென்று தெரியாது.
தூங்கிப்போயிருந்தோம்.
அணைக்க மறந்த ஆம்ப்ளிஃபயர்
தானாகச் சூடேறி,
ஆளில்லாத நிலவறையில்
பதினாலைக்
கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கும்.