நாற்பத்தேழு சுற்று

மூன்று நாள் வகுப்பு.
வெந்நீர்க் குழாய் ஓடும் கதகதப்பான அறை.
மேசைமேல் பால் ஊற்றிய தேநீர், ஒரு தட்டு பவுர்சாக்.
திரைக்குள் ஒரு பொய் ஆலை:
தொட்டால் வால்வு திறக்கும்,
இரண்டே நொடி.
தப்பாகத் தொட்டால் பயிற்சியாளர் சிரிப்பார்,
ஏதோ பொத்தானை அழுத்துவார்,
வெடித்த கொதிகலன் மறுபடி முழுசாகிவிடும்.

எனக்குத் தொண்ணூற்றாறு மதிப்பெண்.
ரவ்ஷானுக்கு எழுபத்தொன்று.
இதை அவளிடமே இரண்டு முறை சொல்லியிருக்கிறேன்.

பம்பு மாற்றும் தாளில் ஏழு படிகள்.
நாலாவது: நேரில் சென்று பார்த்து உறுதிசெய்க.
பதினோரு வருடமாக அதை
நாற்காலியில் இருந்தபடியே உறுதிசெய்தவன் நான்.
பேனாவுக்குக் கால் எதற்கு?
நேற்று திறந்திருந்த வால்வு
இன்றும் திறந்துதானே இருக்கும்.

ஜனவரி.
இர்திஷ் ஆற்றின்மேல் லாரிகள் ஓடுகிற மாதம்.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தாறு.
இரவு இரண்டேகாலுக்கு
ஒன்றாம் பம்பு நடுங்கத் தொடங்கியது.
"ஐந்தாவதுக்குப் போயிடலாம்" என்றேன்.
ரவ்ஷான் தாளை மடித்து
மேலங்கிப் பையில் வைத்தாள்.
"நாலு இன்னும் ஆகலையே"
சூப்பில் உப்பில்லை என்பதுபோல்.
கதவு திறந்து மூடிய அந்த ஒரு மூச்சில்
என் தேநீர் ஆறிப்போனது.

அதிர்வு ஆறு. ஆறரை.
என் விரல் மவுஸின்மேல்.
அழுத்தியிருப்பேன். மறைக்க என்ன இருக்கிறது,
இன்னும் அரை நிமிடம் போனால்
அழுத்தியிருப்பேன்.

வாக்கிடாக்கி கரகரத்தது:
"எர்போலாத், இரண்டோட உறிஞ்சு வால்வு
மூடிக் கிடக்கு."

போன வாரம் பழுது பார்த்தவர்கள் மூடியது.
திறந்துவிட்டார்கள் என்று கையெழுத்து இருக்கிறது.
என் கையெழுத்து.

பிறகு அவள் எண்ணத் தொடங்கினாள்.
பிர். எகி. உஷ்.
சக்கரம் ஒரு முறை சுற்ற
ஒரு எண். நடுவே
காற்றின் இரைச்சல், இரும்பின் முனகல்.
ஏழு. எட்டரை
(எட்டரை அவளுடையதல்ல, என் திரையில் அதிர்வு.
பத்தைத் தொட்டால் தானே நின்றுவிடும்.)
பதினெட்டு.
பத்தொன்பது.

பத்தொன்பது.

அதற்குப் பிறகு காற்று மட்டும்.
"ரவ்ஷான்?"
காற்று.
வகுப்பில் இந்த இடத்துக்குப் படம் காட்டவில்லை.
"ரவ்ஷான்!"
"கத்தாதே. கையுறை மாத்தறேன்.
உள்ளே விரல் இருக்கிறதே தெரியலை."

இருபது என்று நான் சொன்னேன்.
இருபத்தொன்று என்றாள்.
அப்புறம் யார் எந்த எண்ணைச் சொன்னோம் என்று
எனக்கு ஞாபகமில்லை.
நாற்பத்தேழில் "இனி திரும்பாது" என்றாள்.
ஒன்பது புள்ளி ஆறில்
இரண்டாம் பம்பை ஓட்டினேன்.

திரும்பி வந்தபோது இமைமயிரெல்லாம் உறைபனி.
மதிப்பெண்ணைப் பற்றி ஒரு சொல் இல்லை.
தாளை விரித்தாள், பென்சிலைச் சீவினாள்,
நாலாவது படிக்குப் பக்கத்தில் எழுதினாள்:
47 சுற்று. குளிரில் 11 நிமிடம். இரண்டு ஜோடிக் கையுறை.

அடுத்த ஷிப்டில் வேறு யாரோ:
19க்கு மேல் இறுகும், பயப்படாதே.
அதன் கீழே சாய்ந்த எழுத்தில்:
வலது காலடியில் பனிக்கட்டி.
மற்றொருவர்: 46தான்.

அதைப் படித்த அன்று
மேலங்கியை மாட்டிக்கொண்டு போனேன்.
மூடினேன், திறந்தேன், எண்ணினேன்.
நாற்பத்தேழு.
46ஐ அடித்தேன்.
என் எழுத்து அவ்வளவு கோணலாக
ஒருநாளும் இருந்ததில்லை.

மார்ச்சில் தணிக்கைக்காரர்கள் வந்தார்கள்.
அழுக்குத் தாளை எடுத்துக்கொண்டு
புதிதாக ஒன்று அடித்து மாட்டினார்கள்:
வெள்ளை வெளேரென்று, பிளாஸ்டிக் உறையோடு,
ஏழு படிகள், எழுத்துப் பிழையில்லாமல்.

பென்சில் அதில் பிடிக்கவில்லை.
வழுக்கிக்கொண்டே போனது.
ரவ்ஷான் பையைத் துழாவி
ஓர் ஆணியைக் கொடுத்தாள்.