பதினோரு நிமிடம்

பவர் பட்டனை அழுத்தினால்
ஒன்றரை நிமிஷம் யோசிக்கிறது.
பிறகு,
இன்று 2012 ஜனவரி ஒன்று என்கிறது.
உள்ளே பொத்தான் பேட்டரி செத்து வருஷமாச்சு.
அதை மாற்றப் பத்தொன்பது ஸ்க்ரூ கழற்ற வேண்டும்;
போன தடவை மூட்டியபோது மூன்று மிஞ்சின.

மூடியில் அரசாங்கக் கோபுரம்.
விசைப்பலகை ஓரத்தில் வெள்ளை மையில்
கு. வேம்பரசி, பன்னிரண்டு ‘ஆ’.
மஞ்சக்குப்பத்தில் ஆயிரத்து எண்ணூறுக்கு வாங்கி
எல்லாம் துடைத்து லினக்ஸ் ஏற்றினேன்.
அவளுடைய பிசிக்ஸ் ரெக்கார்டை மட்டும்
துடைக்க மனசில்லை.
முப்பட்டகத்தில் நுழைந்த ஒளிக்கதிர் ஒன்று
இன்னும் வெளியே வராமல் நிற்கிறது அதில்.

டாங்கிளைச் செருகுகிறேன்.
விசிறி கரகரக்கிறது.
மாடித் தொட்டியிலிருந்து எதிர்வீட்டு வேம்புக்கு
இருபது மீட்டர் செம்புக் கம்பி.
இதில் துணி போடாதீர்கள் என்று
மூன்று முறை சொல்லியாயிற்று.
இன்றைக்கு ஒரு நைட்டி.

திரையில் அருவி இறங்குகிறது.
மலையே இல்லாத முதுநகரில்
எனக்கென்று ஓர் அருவி, நீலத்தில்.
வினாடிக்கு நான்கு வரிதான்.
ஐந்து கேட்டால் உறைந்துபோகும்.

அதன் குறுக்கே
ஜன்னல் கம்பி மாதிரி மஞ்சள் கோடுகள்:
ஐஸ் கம்பெனி மோட்டார்,
எதிர்வீட்டு சீரியல் லைட்டு,
யாருடையதோ மலிவு சார்ஜர்.
கம்பிகளுக்கு அந்தப் பக்கம்
யாரோ கூப்பிடுகிறார்கள் என்பது தெரியும்.
யார் என்பது தெரியாது.
ஏழு மெகாஹெர்ட்ஸில் என் ராத்திரிகள்
பெரும்பாலும் இவ்வளவுதான்.

ஒன்பது பத்துக்குக் கரண்ட் போனது.

மோட்டார் நின்றது.
கோடுகள் ஒவ்வொன்றாய் அறுந்து
அருவி சுத்தமாகக் கறுத்தது.
துறைமுகப் பக்கம் ஒரு நாய் குரைத்தது,
அதுகூடத் தெளிவாக.
மூலையில் சின்னதாக எழுத்து:
பேட்டரி, பதினோரு நிமிடம்.

டிரான்ஸ்மிட்டர் நானே பற்றவைத்தது,
ஐந்து வாட், பழைய ஸ்கூட்டி பேட்டரியில் ஓடும்.
அதற்குக் கரண்டைப் பற்றிக் கவலையில்லை.
தட்டினேன்.
மறுபடியும் தட்டினேன்.
ஏழு நிமிடம் இருக்கையில்
கறுப்பில் ஒரு தலைமுடி விழுந்தது.
கோடுகளை இழுத்து இழுத்து அனுப்பும் கை.
அவசரமில்லாத கை.
என் அழைப்புக்குறியை இரண்டு முறை சரிபார்த்துவிட்டு
பெயர் கேட்டது.

என் பெயர் அமலோற்பவம்.
மோர்ஸில் அது ஒரு கூட்ஸ் வண்டி.
காற்றில் நான் வெறும் அமல்,
பத்தே தட்டு.

உன் பெயர்?

மூன்று புள்ளி. எஸ்.
இரண்டு புள்ளி. ஐ.
திரை அணைந்தது.

பதினோரு நிமிடம் என்று சொல்லிவிட்டு
ஒன்பதில் போயிற்று, பாவி.

சிவாவா, சில்வாவா, சீமோனா,
கடல் தாண்டி ஒரு சித்தியா.
காது போனாலும் கை இருந்தது எனக்கு.
நன்றி, எழுபத்துமூன்று என்று
இருட்டுக்குள் தட்டிவைத்தேன்.
யார் மேல் விழுந்ததோ.

கரண்ட் வந்தது. மோட்டார் வந்தது.
மடிக்கணினி கண் விழித்து
2012 ஜனவரி ஒன்று என்றது.

தானே புயல் போய் இரண்டாம் நாள் அது.
ஊர் முழுக்க ஒரு பல்பு எரியவில்லை.
கம்பங்கள் தெருவில் படுத்திருந்தன.
ஐஸ் கம்பெனிக் கூரை உப்பனாற்றில் கிடந்தது.
அன்றைக்கு இந்த அலைவரிசை
எப்படிக் கறுத்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்,
அடிவானம் வரை ஒரு கோடு இல்லாமல்.
நான் அப்போது
மெழுகுவத்திக்கு வரிசையில் நின்றேன்.
லைசென்ஸும் இல்லை, டாங்கிளும் இல்லை.
பால் பாக்கெட் நாற்பது ரூபாய்.

தேதியைத் திருத்தவில்லை இன்று.

லாக் நோட்டில் பேனாவால்
நேரம் ஒன்பது பத்தொன்பது,
பெயர் என்ற கட்டத்தில் ஐந்து புள்ளி.
மிச்ச இடத்தை விட்டுவைத்திருக்கிறேன்.

நைட்டி காய்ந்துவிட்டது.
யாராவது வந்து எடுத்தால் தேவலை.