பச்சைச் சவுக்கு

ஆடிக் காற்றில் சாய்ந்த சவுக்கில்
தோட்டத்து ஆபீசில் எழுதிக் கேட்டு
என் பங்குக்கு வந்தது ஐந்து கட்டை.
ஒவ்வொன்றும் ஒரு குடம் குடித்த கனம்.
கோடரி இறங்கினால் ஈரம் தெறிக்கும்.

காம்பராவுக்குள் பதினோரு நாள் பிள்ளை.
அதனால் அடுப்பு வெளியே.

பீலிக்குப் பக்கத்தில் கல் வைத்தேன்.
காற்று திரும்பி, புகை கதவுக்குள் நுழைந்தது.
கோழிக்கூட்டுக்குக் கீழே என்றால்
கை எட்டும் தூரத்தில் காய்ந்த மானாப்புல்.
கடைசியில் வாய்க்காலுக்கு அந்தப்பக்கம்,
சிவந்த மண் தெரியுமட்டும் புல்லைச் செதுக்கி
ஒரு வட்டம். பக்கத்தில் வாளி நிறையத் தண்ணீர்.
ஆற்றுக்கல் எடுக்கவில்லை,
நனைந்த கல் சூட்டில் வெடிக்கும்.

மச்சான் ரொபின்சன் ஆட்டோவிலிருந்து
அரைப் போத்தல் பெற்றோலோடு வந்தான்.
"ஒரு ஊத்து மாமா, முடிஞ்சிரும்."
முடிந்துவிடும்தான்.
போத்தலைக் கொண்டுபோய்
எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன்.
கோபத்தில் அவன் சிகரெட் பற்றவைத்தான்,
நல்லவேளை, கோயிலடி வரைக்கும் நடந்துபோய்.

போன கவ்வாத்தில் அள்ளிய மிலாறு
அட்டலில் எலும்பாய்க் காய்ந்து கிடந்தது.
முதலில் அதுதான்.
அது கங்காகிச் சிவந்த பிறகு
விரல் தடிமனில் சீவிய சவுக்கு
ஒன்று. பொறுத்து, இன்னொன்று.
பொறுக்காமல் ஒரு பாளத்தைத் திணித்தேன்.
நெருப்பு முகம் சுளித்து
மஞ்சள் புகையைக் கக்கியது.
வெளியே இழுத்துப் போட்டு
சாவு வீட்டில் நிற்பவன்போல் கண் துடைத்தேன்.

பச்சை விறகு முதலில் பேசும்.
வெட்டுவாயில் நுரை தள்ளும், சீறும்,
குடித்த மழையையெல்லாம் சொல்லித் தீர்த்தபிறகே
எரிய ஒத்துக்கொள்ளும்.

அண்டா மூடி ஆட இரண்டு மணித்தியாலம்.
உள்ளேயிருந்து சிவனுலெட்சுமி:
"சுடுதண்ணி வைக்கிறீங்களா,
வெள்ளாம வைக்கிறீங்களா?"

தாய்க்கு வார்த்தோம். மகளுக்கு வார்த்தோம்.
மகள் ஒரு கொட்டாவி விட்டாள்.
இத்தனைக்கும் பிறகு
அவள் தலையில் லேசாய்ப் புகை வாசம்.

மழை இறங்கியது.
"அதுவே அணைச்சிரும், வாங்க."
மழையை நான் நம்பவில்லை.
வாளியைச் சாய்த்தேன், குச்சியால் கிளறினேன்,
மறுபடி சாய்த்தேன்,
சாம்பலுக்கு மேலே புறங்கையைப் பிடித்து
அது வெறும் ஈரம்தான் என்று தெரிந்தபின் எழுந்தேன்.

மீதிக் கட்டைகளைப் பிளந்து
பட்டை மேலே பார்க்க, காற்று நுழைய
கூரையோரம் அடுக்கினேன்.
காய ஒரு வருசமாகும்.
அதற்குள் அவள் நடந்துவிடுவாள்.

நாளைக் குளியலுக்கு
யார் வீட்டு அட்டலில் மிலாறு இருக்கிறதோ.