பங்குனியில் விழுந்த விலை

பொருநைக் கரையில்
வயலோடு சேர்த்து எழுதியிருந்தது என் அப்பனை.
வாய்க்கால் பாயும் தூரமெல்லாம்
அந்த ஓலையும் பாயும்.

கரிசலுக்கு ஓடிவந்தேன்.
வானம் பார்த்த பூமி.
ஆளைக் கட்டிவைத்துக் கஞ்சி ஊற்ற
இங்கே யாருக்கும் கட்டாது.
எடுத்த பருத்தியில் பத்துக்கு ஒன்று கூலி.

அமெரிக்காவில் சண்டையாம்.
தூத்துக்குடிக் கப்பலுக்கு அடங்காத பசி.
கம்மம் புஞ்சையிலும் பருத்தி விதைத்த
கொண்டம நாயக்கர்
மகளுக்கு அட்டிகை செய்தார்.
எனக்கும் ஒரு புதுச்சேலை.

பங்குனியில் விலை விழுந்தது.
"அங்க அடிமைகள அவுத்து விட்டுட்டானுவளாம்"
தராசை அவிழ்த்தபடி சொன்னார்
தரகர் அணைஞ்சபெருமாள்.

"வயலோட எழுதுன ஆளுகளா?"
"பருத்தி எடுக்கிறவனுவ."

காய்ந்த தோடு கிழித்த விரலை
வாயில் வைத்துக்கொண்டேன்.
பத்துக்கு ஒன்றாவது கொடுப்பார்களா அவர்களுக்கு?

தரகர் வண்டி
ஓடைப்பாலம் தாண்டியிருந்தது.