புள்ளி நான்கு

சனிக்கிழமை, இரண்டாம் பருவம்,
ரீகாவில் காலை எட்டே முக்கால்.
ஜன்னலுக்கு வெளியே டௌகாவா ஆற்றில்
பனிப்பாளங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு போகின்றன,
வரிசையில் நிற்கத் தெரியாத கூட்டம்.

பொதுக் கொள்கையும் நிர்வாகமும், முதுகலை, வார இறுதிப் பிரிவு.
பதினான்கு பேர்.
சுங்கத்திலிருந்து இருவர், காவல்துறையிலிருந்து ஒருவர்,
இளங்கலை முடித்த சூட்டோடு வந்த பிள்ளைகள் சிலர்,
பிறகு நான், ஸ்கைத்ரீத்தே, நாற்பத்து மூன்று வயது,
மாவட்டப் போக்குவரத்துப் பிரிவு.
மூன்று மணி நேரம் ரயிலில் வந்து
முட்டை ரொட்டி வாசனையோடு உட்காருபவள்.

விரிவுரையாளர் உல்திஸ் என்னைவிடப் பத்து வயது இளையவர்.
கம்பளித் தொப்பியைக் கவிழ்த்துப் பிடித்தார்.
இன்று பாடம் இல்லை, நாடகம்.
ஒரு கிராமத்துப் பேருந்தை நிறுத்த வேண்டும்.
ஆளுக்கொரு சீட்டு எடுங்கள் என்றார்.

எனக்குப் பேருந்தை நிறுத்துவது புதிதல்ல.
போன மார்ச்சில் ஒன்றை நிறுத்தினேன்.
நிறுத்தினேன் என்று கோப்பில் எழுதவில்லை.
‘தடம் ரத்து செய்யப்படுகிறது’ என்று எழுதினேன்.
எங்கள் அலுவலகத்தில் எல்லாமே படும்:
பரிசீலிக்கப்படும், தெரிவிக்கப்படும், ஆவன செய்யப்படும்.
யாரால் என்று கேட்டால்
வாக்கியத்துக்கே தெரியாது.

வில்காலி முதல் ரேசெக்னே வரை, ஏழு நாளும், காலை ஆறு பத்து.
சராசரிப் பயணிகள் மூன்று புள்ளி நான்கு.
அட்டவணை ஏழு, கடைசிப் பத்தி.
மூன்று பேருக்கு ஐம்பது இருக்கையா என்றுதான் யோசித்தேன்.
புள்ளிக்குப் பின்னால் இருந்ததை
மேஜையில் சிந்திய ரொட்டித்தூள் மாதிரி
விரலால் ஒதுக்கிவிட்டேன்.

சீட்டைப் பிரித்தேன்.
பயணி. பெண். வயது ஐம்பத்தெட்டு.
டயாலிசிஸ், வாரம் மூன்று நாள்.
கார் இல்லை.

உல்திஸுக்கு வில்காலி எந்தத் திசை என்றே தெரியாது,
ஏதோ தோன்றியதை எழுதியிருப்பார்.
என் கைதான் சீட்டின் ஓரத்தில் தானாக வகுத்தது,
மூன்றை ஏழால்.
பூஜ்யம் புள்ளி நான்கு,
அப்புறம் இரண்டு, எட்டு, ஐந்து, ஏழு,
முடிவதாயில்லை.

எதிரில் அர்த்யோம்ஸ், இருபத்து நான்கு வயது,
அதிகாரி வேடம். நன்றாகத் தயாரித்திருந்தான்.
ஆண்டு நட்டம் யூரோவில், தலைக்கு எவ்வளவு மானியம்,
டீசல் புகைக்கும் ஒரு கணக்கு.
‘மாற்று ஏற்பாடுகள் பரிசீலிக்கப்படும்’ என்றான் என்னைப் பார்த்து.
அது என் வாக்கியம்.

எனக்கு மூன்று நிமிடம் ஒதுக்கப்பட்டிருந்தது.
சொல்ல வேண்டியது எதுவும் வரவில்லை.
அந்தப் பேருந்தில் வலப்பக்கம் ஹீட்டர் வேலை செய்யாது என்றேன்.
இந்தக் கைக்குக் குளிர் ஆகாது,
அதனால் நான் இடப்பக்கம், ஓட்டுநருக்குப் பின்னால்.

வகுப்பு சிரித்தது, கெட்ட சிரிப்பில்லை.
நல்ல நடிப்பு என்றார் சுங்கக்காரர்.

அந்தத் தடத்தில் ஒரே ஒரு முறை போயிருக்கிறேன்,
கணக்கெடுக்க, ஒரு புதன்கிழமை.
ஓட்டுநருக்குப் பின்னால் ஒரு பெண்
சால்வை சுற்றிய கையை
அடுத்தவர் குழந்தை போல மடியில் வைத்திருந்தாள்.
அவளுக்கு ஒரு கோடு போட்டேன்.
பென்சில் மழுங்கியிருந்தது என்பதுகூட நினைவிருக்கிறது.

பத்துக்கு நான்கு என்று தோற்றேன்.
அங்கேயும் நான்கு.

இரவு ரயிலில் மடிக்கணினியைத் திறந்தேன்.
அடுத்த வாரத்துக்கு அமைச்சர் படிப்பதாக ஒரு பக்கக் குறிப்பு.
‘வில்காலித் தடம் ரத்து செய்யப்பட்ட’ வரை வந்து
பின்னோக்கி அழித்தேன்.
எழுவாய் கேட்டு
சுட்டி மினுங்கிக்கொண்டேயிருந்தது.
நான் என்று அடித்தேன்.
இரண்டே எழுத்து, ஒரு நிலையம் கடந்துபோனது.

பெட்டியில் ஆறு பேர், ஒரு நாய்.
பழக்கதோஷம், எண்ணிவிட்டேன்.

திங்கட்கிழமை அலுவலகம் ஒன்பதுக்குத்தான்.
ஆறு பத்துக்கு வில்காலி நிறுத்தத்தில் போய் நிற்கலாம்.
பேருந்து வராது, தெரியும்.
யார் வருகிறார்கள் என்று பார்க்கலாம்.