பத்துக்கு எட்டு

திருச்சியில் டோக்கன் கொடுத்தார்கள்.
முன்னூற்றுப் பதினாறு.
உட்கார இடமில்லை,
ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன்.
கண்ணாடிக்கு அப்பால் ஒரு விரல்
மதிப்பெண்ணைத் தொட்டது, சாதிச் சான்றிதழைத் தொட்டது,
மாற்றுச் சான்றிதழைத் தொட்டது,
என் முகம் வரைக்கும் வராமலே
அடுத்து, என்றது.
இடம் கிடைத்துவிட்டது.
வரலாறு, இரண்டாம் ஷிப்ட், எழுபது பேர்.

புதுவயலில் டோக்கன் இல்லை.
அரிசி ஆலைகளைத் தாண்டி
ஊருணிக்குப் பின்னால்
ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீளக் கட்டடம்.
செட்டிநாட்டில் கல்லூரி என்றதும்
பர்மா தேக்குத் தூண்களை நினைத்துக்கொள்ளாதீர்கள்.
எல்லாம் சிமெண்ட்.
நெல் அவியும் வாடை ஜன்னல் வழியே வந்து
முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது.
வள்ளிக்கண்ணு என்று விண்ணப்பத்தில் எழுதியபோது
நான் விட்ட புள்ளியைப்
பறந்து வந்த உமிச்சாம்பல் வைத்தது.

துறைத் தலைவர் என்று பலகை மாட்டிய அறையில்
என்னைவிடப் பத்து வயது கூடுதலாக இருந்தால் அதிகம்,
டிபன் பாக்ஸை மூடிவிட்டு அவள் கேட்டாள்:
கடைசியா எதைப் படிச்சப்போ
இது பொய்னு உனக்குத் தோணுச்சு?

பன்னிரண்டு வருடத்தில்
யாரும் என்னிடம் கேட்காதது.
நாக்கு ஒட்டிக்கொண்டது.
எங்க ஊர்க் கோயில் வாசலில் இருக்கும்
தகவல் பலகை, என்றேன்.
எப்படித் தெரியும்?
குளம் வெட்டினவரோட பேரன்
குளம் வெட்டுறதுக்கு முன்னாடியே செத்துட்டார்.
அவள் சிரிக்கவில்லை.
ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினாள்.
எழுதிக் குடு. அட்மிஷனுக்கு இல்ல,
எனக்கு வேணும்.

வெளியே எழுத்தர் சொன்னார்:
பத்துப் பேர் சேரலைன்னா
இந்த வருஷம் வரலாறு கிடையாது.
நீ எட்டு. வெள்ளிக்கிழமை கடைசி.

ராத்திரி அப்பா தோல்பையைக் கவிழ்த்துச்
சில்லறை அடுக்கிக்கொண்டிருந்தார்.
எங்கள் மினிபஸ்ஸுக்கு அவர் கண்டக்டர், பாதி முதலாளி.
மீதிப் பாதி சித்தப்பா, ஸ்டியரிங்கில்.
கிளாஸ்ல எத்தனை பேரு?
எட்டு.
எட்டு டிக்கெட்டுக்கு டீசல் காசு தேறாதே ஆத்தா.

சரிதான்.
நானும் கணக்குப் போட்டவள்தான்.
திருச்சியில் நூலகம் நாலு மாடி.
இங்கே நான் உருவிய புத்தகத்தின் கடைசி முத்திரை
நான் பிறப்பதற்கு முந்தியது.
அதன் பிறகு வாசித்தது பூச்சி,
அதுவும் ஓரங்களை மட்டும்.
ரஹ்மத்நிஷா ஃபோனில் கேட்டாள்:
செத்துப்போன ராஜாவா உனக்குச் சம்பளம் குடுப்பான்?
பதில் இல்லை. இப்போதும் இல்லை.

ஆனால் எழுபதில்
நான் வராத நாள் யாருக்குத் தெரியும்?
எட்டில் ஒன்று குறைந்தால்
அறைக்கே பல் விழுந்த மாதிரி.
ஒளிந்துகொள்ள முதுகே இல்லாத வகுப்பு.
அதற்குத்தான் பயந்தேன்.
அதற்குத்தான் ஆசைப்பட்டேன்.

இதை அப்பாவிடம் சொல்லத் தெரியவில்லை.
ஒன்பதே கால் டிரிப்பில்
எத்தனை பேர் ஏறுவாங்க என்று மட்டும் கேட்டேன்.
மூணு பேரு. சில நாள் ஈ, காக்கா இருக்காது.
அப்புறம் ஏன் எடுக்குறீங்க?
எடுக்கலைன்னா பெர்மிட் போயிரும்ல,
என்றவர்
கையிலிருந்த ஐந்து ரூபாயை அடுக்காமல்
கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

வியாழன் சாயங்காலம் ஒன்பது ஆனது.

வெள்ளி காலை, ரயில்வே கேட்டில்
பிளாஸ்டிக் ஃபைலோடு ஒருத்தி ஏறினாள்.
அப்பா டிக்கெட்டைக் கிழிக்காமல் நின்றார்.
எங்கே என்று கேட்கவில்லை.
என்ன படிக்கப் போற, என்றார்.
நர்சிங்.
டிக்கெட் கிழிந்தது.
நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.
அடுத்த நிறுத்தத்தில்
படியில் தொங்கியபடி கூவ ஆரம்பித்தார்
தினமும் கூவும் அதே ராகத்தில்:
கண்டனூர், புதுவயல், வரலாறு,
வரலாறு, இன்னும் ஒரே ஒரு ஆளு.