வியாழன், கழுவும் தொட்டி

பாடம் முடிந்து முப்பத்தாறு சோதனைக்குழாய்கள்.
மஸ்கெலியா மழை கூரைத் தகரத்தை
விட்டபாடில்லை. ஓட்டைக்குக் கீழே வாளி.

முதல் தட்டில் உப்பு.
தண்ணீருக்குள் போட்டதைக் காணோம்.
எங்கேயும் போகவில்லை, சுற்றி வளைத்திருக்கிறார்கள்.
நேரேற்றத்துக்குத் தன் மறைப்பக்கம்,
மறையேற்றத்துக்குத் தன் நேர்ப்பக்கம்
என்று திரும்பிக் காட்டத் தெரிந்தது தண்ணீர்.
பிறவியிலேயே கோணல்;
அந்தக் கோணல்தான் அதன் கெட்டித்தனம்.
மண்ணெண்ணெய்க்குக் காட்ட ஒரு பக்கமும் இல்லை.
அதன் அடியில் கிடக்கிறது உப்பு,
மலைக்கு ஏறும்போது அட்டைக்கென்று
படங்கில் முடிந்துகொண்டு போவேனே,
அதே மாதிரி, அவிழாமல்.

அடுத்தது அயடீன்.
தண்ணீரில் பழுப்பு.
மண்ணெண்ணெய் விட்டுக் குலுக்க
மேலே ஏறி ஊதாவானது.
“வேற சாமானா மாறிட்டா, சேர்?”
கடைசி வாங்கிலிருந்து டிலோஜினி.
“அதே அயடீன். சேர்ந்த இடம் வேற.”
கொழும்பில் ஒரு வீட்டில்
இரண்டு வருடம் நான் என்ன நிறத்தில் இருந்தேன் என்று
எனக்குத் தெரியும்.
தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஏதாவது பச்சை இலை கொண்டு வா என்றிருந்தார்.
இந்த ஊரில் ஏதாவது என்றால் என்ன?
கொழுந்துதான் கொண்டுபோனேன்.
வெந்நீரில் வெளிறிய மஞ்சள்.
சூடான ஸ்பிரிட்டில்
பச்சை அத்தனையும் இறங்கி
வெள்ளைக் காகிதம் போல் மிஞ்சியது இலை.
நூற்றைம்பது வருடமாய்
வெந்நீரைத்தானே கேட்டுக்கொண்டிருக்கிறோம்
இதற்குள் என்ன இருக்கிறதென்று.
அது தனக்குத் தெரிந்ததைச் சொன்னது:
சாயம், துவர்ப்பு, கொஞ்சம் தெம்பு.
பச்சையைப் பற்றி அதற்கு
ஒன்றுமே தெரியாது.

பேர் போட்டு ஏழு வருடம் கிள்ளிய கறை
என் விரல் நுனியில் இருந்தது.
இங்கே வந்த புதிதில் அலமாரியில் உள்ள
எல்லாப் போத்தலிலும் தொட்டுப் பார்த்தேன்,
யாருக்கும் தெரியாமல்.
அது ஒட்டியிருக்கவில்லை, பிணைந்திருந்தது.
தோல் உரிந்தபோது
தோலோடு போனது.

எண்ணெய்க் குழாயில் தண்ணீர் விட்டால்
மணி மணியாய் உருண்டு வெளியே வந்துவிடும்.
முதலில் அசற்றோன்.
எண்ணெயோடும் கலக்கும், தண்ணீரோடும் கலக்கும்.
போன செவ்வாய் ஹட்டன் வலயக் காரியாலயத்தில்
கூரைக்கு ஆறு தகரம் கேட்டோம்.
சேர் சொன்னதைச் சிங்களத்தில் நான்,
மாத்தயா சொன்னதைத் தமிழில் நான்.
முக்கால் மணி நேரம்.
கடிதத்தில் இரண்டு கையெழுத்து,
இரண்டும் அவர்களுடையவை.

வாளி நிரம்பிவிட்டது. ஊற்றிவிட்டு வந்தேன்.

குழாய்களை அலசிக் கவிழ்த்தேன்.
தண்ணீர் விடியும் வரை சொட்டும்.
அசற்றோன் அப்போதே
காற்றோடு போய்விட்டது,
விரலில் கொஞ்சம் குளிரை வைத்துவிட்டு.